நான்காவது வயர்

‘ட்ரிங்ங்ங்ங்!’ என்று எதிர்க் கட்டடத்தில் லிப்டின் அபாய மணி அலறியதும், மெக்கானிக்கின் கையிலிருந்த டம்ளர் நழுவித் தரையில் விழுந்து தூள் தூளானது.

“பார்த்துப்பா! மணி அடிச்சா என் டம்ளரையா உடைப்பாங்க?” என்றார் டீக்கடைக்காரர்.

மெக்கானிக் பெஞ்சின் மேல் கிடந்த தன் தோல் பையைத் திறந்து உள்ளே கையை விட்டான். லிப்ட் வேலை செய்பவர்களின் பையில் திருப்புளி இல்லாமல் இருக்கலாம், இந்தச் சிவப்பு வயர்கள் இல்லாமல் இருக்காது. முழ நீளம், இரண்டு முனையிலும் பல் வைத்த கிளிப். கதவு மூடியிருந்தால்தான் லிப்ட் நகரும். சோதனை செய்யும்போது மட்டும் கதவின் பூட்டுப் பெட்டியில் இந்த வயரைக் கவ்வ வைத்து, ‘கதவு மூடியிருக்கிறது’ என்று லிப்டை நம்ப வைப்பார்கள். சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால், கதவு ஆவென்று திறந்து கிடக்கும்போதே லிப்ட் நகரும்.

மொத்தம் நான்கு வயர். கட்டடத்தை விட்டுக் கிளம்புமுன் எண்ண வேண்டும். மற்றவர்கள் ஒரு தடவை எண்ணுவார்கள், இவன் மூன்று தடவை எண்ணுவான். இன்று சனிக்கிழமை, பாதி நாள் வேலை. கீழே வந்ததும் வாட்ச்மேன் பேச்சுக் கொடுத்தான், பேசிக்கொண்டே இவன் தெருவைக் கடந்துவிட்டான். இன்று எண்ணவில்லை.

இப்போது எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று.

பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினான். திருகாணிகள் சிதறி ஓடின. நான்காவது வயர் இல்லை.

“கடவுளே...” என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. ஏழு வருஷமாகவே அந்த வார்த்தைக்கு மேல் அவனுக்கு எதுவும் வருவதில்லை.

தெருவுக்கு ஓடினான். ஒரு ஸ்கூட்டர்காரர் பிரேக் போட்டு அவனுடைய முன்னோர்களை விசாரித்தார். கட்டட வாசலில் வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே வந்தான்.

“காலையிலதானே சர்வீஸ் பண்ண? மத்தியானமே மக்கர் பண்ணுதே! உன் ராசி அப்படி!”

“உள்ள யாரு?”

“ஏன் வேர்த்துக் கொட்டுது உனக்கு? உள்ள ஒரே ஒருத்தர்தான். அஞ்சாம் மாடி பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுப்பாரே, கட்டை வச்சு நடப்பாரே, உன் மச்சான். மூணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. அவரு ரொம்ப...”

மீதியைக் கேட்க மெக்கானிக் அங்கே இல்லை. வாட்ச்மேன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு படிகளில் இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டிருந்தான்.

மச்சான்! அவன் மனைவியின் அண்ணன். உலகத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்க, அந்த லிப்டுக்குள் அவர்தானா மாட்ட வேண்டும்?

மணி சட்டென்று நின்றது. நின்ற பிறகு வந்த பயத்துக்கு முன்னால், அலறியபோது இருந்த பயம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

ஏழு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான். வேறொரு கட்டடம், இதே மாதிரிப் பழைய லிப்ட். அவனும் மச்சானும் ஜோடியாக வேலை பார்த்த காலம். மூன்றாம் மாடிக் கதவின் பூட்டில் வயரை மாட்டிச் சோதித்தவன் இவன். “டீ குடிச்சுட்டு வந்துடறேன் மச்சான்” என்று இறங்கிப் போனவனும் இவன். மச்சான் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலை லிப்ட் குழிக்குள் தொங்கவிட்டபடி உட்கார்ந்து வாசல் அழுக்கைச் சுரண்டினார். முதலில் நிறுத்தும் ஸ்விட்சைத் தட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கதவு திறந்திருந்தால் லிப்ட் நகரப்போவதில்லை என்ற தைரியத்தில் எந்த மெக்கானிக்கும் அதைத் தட்டுவதில்லை என்பது வழக்கம். கீழே யாரோ பொத்தானை அமுக்கினார்கள். லிப்ட் இறங்கியது.

அந்தக் காலில் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

டீக்கடையில் இருந்தவனுக்கு ஆள் ஓடி வந்து சொன்னபோது, பையில் மூன்று வயர்தான் இருந்தது. தலையில் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டான். ஆனால் விசாரணைக்கு வந்தவர்கள் டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகத் தேடியும் வயர் எதுவும் கிடைக்கவில்லை. “பழைய பூட்டு, ஏமாத்திடுச்சு. ஆனா ஸ்விட்சைப் போடாம உட்கார்ந்தது அந்த ஆளோட தப்பு” என்று எழுதினார்கள். இவனைக் கேட்டார்கள். அன்று மாலையே கடையில் ஒரு புது வயர் வாங்கிப் பையில் போட்டிருந்தான். நான்கையும் எடுத்து மேஜை மேல் வைத்து, “எண்ணித்தான் சார் பையில போட்டேன்” என்றான். கீழே கையெழுத்தும் போட்டான். அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரியை விட்டு ஜெயிலுக்கா போக முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மச்சானுக்குக் காலும் போயிற்று, வேலையும் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் அவர் இவனிடம் கேட்ட முதல் கேள்வி, “தங்கச்சி ஒழுங்கா சாப்பிடறாளா?” என்பதுதான்.

அன்றிலிருந்து ஒரே ஒரு யோசனை மெக்கானிக்கை அரித்தது. அந்த வயர் எங்கே போயிற்று? முதலில், கடவுள் இரக்கப்பட்டு மறைத்துவிட்டார் என்று நினைத்தான். ஒரு மாதத்தில் அந்த நினைப்பு புளித்துவிட்டது. மறைக்கவில்லை. எடுத்து வைத்திருக்கிறார். ஒரு நாள் எல்லார் முன்னாலும் அதை மேஜை மேல் எடுத்துப் போட்டு, “இது யாருடையது?” என்று கேட்பார். அவனுடைய கடவுள் டார்ச் லைட்டோடு அலையும் இன்ஸ்பெக்டராகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பம் பகிரும் திருவிருந்து தொடங்குகிற நேரம் பார்த்து, செருப்பைத் தேடுகிறவன் மாதிரி எழுந்து வெளியே போய்விடுவான். தகுதியில்லாத கையால் அந்த அப்பத்தைத் தொட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். போன வாரம் மகள் கேட்டாள்: “அப்பா, இயேசப்பா உன்ன மட்டும் சாப்பிடக் கூப்பிட மாட்டாராப்பா?”

ஏழு வயசுப் பிள்ளையின் கேள்வி. இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் மாடி. தகரக் கதவின் நடுவில் உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதில் முகத்தைப் பதித்தான். லிப்ட் பாதி இறங்கி நின்றிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. மச்சானின் நரைத்த தலை தெரிந்தது. உள் கம்பிக்கதவை அவர் ஏற்கெனவே ஒதுக்கியிருந்தார். ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இந்தக் கதவின் கொக்கியை நோக்கிக் கையை உயர்த்திக்கொண்டிருந்தார்!

வேறு யாராக இருந்தாலும் மூலையில் ஒடுங்கி நிற்பார்கள். மச்சான் பழைய மெக்கானிக். கொக்கியை விரலால் தள்ளிக் கதவைத் திறந்து, கையை ஊன்றித் தானே ஏறி வந்துவிடுவார். காலையில் இதே கதவின் பூட்டில்தான் இவன் வயரை மாட்டினான். பூட்டுப் பெட்டி உள்பக்கம். வயர் அங்கே தொங்குகிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. தொங்கினால், மச்சான் பாதி உடம்பு வெளியே பாதி உடம்பு உள்ளே என்று இருக்கும் நேரம் பார்த்து லிப்ட் கிளம்பும். இந்தத் தடவை காலோடு போகாது.

“மச்சான்! கையெடுங்க! கதவத் தொடாதீங்க!”

கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தான். மச்சான் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஆளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“அட, மாப்பிளையா? என்னப்பா, வீட்டுக்கதவத் தட்டற மாதிரி இடிக்கிற?”

“கரண்ட்ட நிறுத்திட்டு வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. கம்பிக்கதவச் சாத்துங்க. ஓரமா உட்காருங்க. என்னை...”

என்னை நம்புங்க என்று சொல்ல வந்தான்.

மச்சான் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் கம்பிக்கதவை இழுத்துச் சாத்தினார். “சரிப்பா. நீ சொன்னாச் சரி” என்று சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் மூன்று மாடி. ஒவ்வொரு படியிலும், கீழே லிப்ட் உறுமுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கீழேயே இருந்தது. ‘என் காலை எடுத்துக்கோ. ரெண்டையும் எடுத்துக்கோ. அவரை விட்டுடு’ என்று பேரம் பேசினான். இன்ஸ்பெக்டரிடம் பேரம்தானே பேச முடியும்?

மொட்டை மாடி அறையின் பூட்டுக்குள் முதல் இரண்டு சாவியும் நுழையவில்லை. ஒரு வழியாகத் திறந்து மெயின் ஸ்விட்சைக் கீழே இறக்கினான். ‘டொக்’ என்ற சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டான்.

வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். “ஆறு மாடி! எனக்குக் குடுக்கற சம்பளம் உட்கார்றதுக்குப்பா, ஏறுறதுக்கு இல்ல!”

“இந்த லீவரப் புடி, இத அமுக்கினா பிரேக் விடும். ‘அமுக்கு’ன்னா அமுக்கு. ‘விடு’ன்னா உடனே விட்டுடணும். விடலைன்னா லிப்ட் என் கையில நிக்காது.”

“அப்படின்னா வேற ஆளக் கூப்பிடேன்!”

“அமுக்குடா!”

மெக்கானிக் இரும்புச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினான். எண்ணெய் பூசிய கம்பிக்கயிறு முனகிக்கொண்டே நகர்ந்தது. ஒவ்வொரு மாடிக்கும் கயிற்றில் மஞ்சள் பெயின்ட் கோடு உண்டு. மூன்றாம் மாடிக் கோடு நேராக வர வேண்டும். கயிறு இறங்கும் ஓட்டை வழியாக, இருட்டுக்குள்ளிருந்து மச்சானின் குரல் மேலே வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்றை, அவருக்கே உரிய ராகத்தில், அதாவது எந்த ராகத்திலும் சேராமல் பாடிக்கொண்டிருந்தார்.

“பயமா இல்லையா அந்த மனுஷனுக்கு?” என்றான் வாட்ச்மேன்.

“விடு! விடு! கையெடு!”

கோடு நேராக நின்றது. வாட்ச்மேன் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். மெக்கானிக் கீழே ஓடினான்.

மூன்றாம் மாடிக் கதவில் சாவியைப் போட்டுத் திருகி இழுத்தான். மச்சானைப் பார்க்கவில்லை. பூட்டுப் பெட்டியைத்தான் பார்த்தான். இடுப்பில் செருகியிருந்த டார்ச்சை அடித்துப் பார்த்தான். விரலை விட்டுத் தடவினான்.

வயர் இல்லை.

அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அப்படியானால் இன்னும் எங்கே தொங்குகிறது? எந்த மாடியில், யார் காலுக்காகக் காத்திருக்கிறது?

அதற்குள், வரும் வழியில் ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே இரண்டாம் மாடி வரை போயிருந்த வாட்ச்மேன் அங்கிருந்து கத்தினான்: “இங்க யாரோ கதவப் புடிச்சு உலுக்கியிருக்காங்கப்பா! கொக்கி அரை விரல் விலகி நிக்குது!”

ஆக, கதவு சரியாக மூடாததால் லிப்ட் நின்றிருக்கிறது. நிற்க வேண்டியபடிதான் நின்றிருக்கிறது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

“மாப்பிள” என்றார் மச்சான். உள்ளே தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணிப்பை, அதிலிருந்து அவருடைய கறுப்பு அட்டை பைபிள் எட்டிப் பார்த்தது. “எதத் தேடற?”

“ஒண்ணுமில்ல மச்சான். எழுந்திரிங்க.”

“ஒண்ணுமில்லாததுக்கா இப்படி நடுங்கற? சரி, கழுத்துல என்ன அது, சிவப்பா? மாலையா?”

மெக்கானிக் கழுத்தைத் தொட்டான். சட்டைக் காலருக்கு அடியில், காலையில் இரண்டு கையும் வேலையாக இருந்தபோது அவனே தொங்கவிட்டது. நான்காவது வயர். விசாரணைக்காக வாங்கிய அதே வயர். மற்ற மூன்றும் எப்போதோ வெளுத்துவிட்டன, இது மட்டும் இன்னும் சிவப்பாகவே இருந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு மாடி ஓடியபோதெல்லாம் அது கழுத்திலேயே தூக்குக் கயிறு மாதிரி ஆடியிருக்கிறது.

லிப்டின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். வயரைக் கழற்றத் தோன்றவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“டேய், டேய். எனக்கு ஒண்ணும் ஆகலைப்பா. இதோ, மிச்சமிருக்கிற காலு பத்திரமா இருக்கு பாரு” என்று மச்சான் தன் காலைத் தட்டிக் காட்டினார்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

“மச்சான், இதக் கேட்டப்புறம் நீங்க என் மூஞ்சில முழிக்க மாட்டீங்க. உங்க தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போயிடுவீங்க. போலீசுக்கு வேணும்னாலும் போங்க. என்னால இதுக்கு மேல முடியல.” மூக்கை உறிஞ்சினான். “அன்னிக்கு வயர மாட்டினது நான். எடுக்க மறந்தது நான். விசாரணையில பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். உங்க காலு போனது என்னாலதான் மச்சான். நீங்க ஒரு தப்பும் பண்ணல.”

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அறை விழும் என்று கன்னம் காத்திருந்தது. வயர் மேஜை மேல் வந்து விழும் என்று உடம்பு முழுக்கக் காத்திருந்தது.

ஒன்றும் விழவில்லை. எங்கோ மேல் மாடியில் யாரோ “லிப்ட் வருமா வராதா?” என்று கத்தினார்கள். வாட்ச்மேன் “படி எதுக்குக் கட்டியிருக்காங்க?” என்று திருப்பிக் கத்தினான்.

“இதுக்காகவா” என்றார் மச்சான் மெதுவாக, “திருவிருந்து நேரத்துல எழுந்து எழுந்து ஓடற?”

மெக்கானிக் கண்ணைத் திறந்தான். “பயம் மச்சான். அந்த வயர் அன்னிக்குக் காணாமப் போச்சில்ல... அது அவருகிட்டதான் இருக்கு. என்னிக்காவது என்னை நிக்க வச்சு எடுத்துக் காட்டுவாரு. உங்களுக்கு முன்னாடி, உங்க தங்கச்சிக்கு முன்னாடி, எம் பொண்ணுக்கு முன்னாடி.”

“நீ சொன்னாத்தான் அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். அதுதான் பயம்.”

“தெரிஞ்சுதானேப்பா ஏழு வருஷமா உன்கூட இருக்காரு? உம் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப, விடிய விடிய அழுதியே, அப்ப விட்டுட்டா போனாரு? எல்லாம் தெரிஞ்ச பிறகும் ஒருத்தரு உன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா, அவரு உன்னப் புடிச்சுக் குடுக்கவா உட்கார்ந்திருப்பாரு?” மச்சான் மூச்சு வாங்கினார். “கோவமே வராதுன்னு சொல்ல மாட்டேன். காலு போனா வரும். ராத்திரியில இல்லாத காலு வலிக்கும், அப்ப வரும். காலையில எழுந்து, சாமி, நீங்க என்னை எத்தன தடவை மன்னிச்சு விட்டீங்கன்னு நினைச்சுக்குவேன். சரியாப் போயிடும்.”

மெக்கானிக்குக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. இவர் எப்போது கோபப்பட்டார்? இப்போதுதானே சொன்னோம்? பயம் இன்னும் விடவில்லை.

“நாளைக்கு எழுந்து போகக் கூடாது” என்றார் மச்சான். “என் பக்கத்துல உட்காரணும். உன் பொண்ணு மடியில இருக்கணும். அதுக்கு முன்னாடி, அந்த பைபிள எடு. நாளைக்குப் படிக்கிற இடத்துல அடையாளம் வச்சிருக்கேன். திறந்து பாரு.”

ஏழு வருஷமாக அந்தக் கறுப்புப் புத்தகத்தை மெக்கானிக் நேராகப் பார்த்ததில்லை. மச்சான் வீட்டு மேஜை மேல் அது இருக்கும். அதன் பக்கங்களுக்கு நடுவிலிருந்து சிவப்பாக ஏதோ வால் நீட்டிக்கொண்டிருக்கும். நாடா என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இப்போது பையிலிருந்து எடுத்தான். வியர்வைக் கை அட்டையில் ஒட்டியது. சிவப்பு வாலைப் பிடித்து இழுத்தான். நாடாவின் மென்மை அதில் இல்லை. விறைப்பாக, வழவழப்பாக, உள்ளே கம்பி ஓடுகிற விறைப்பு. முழுதாக வெளியே வந்தது. விரல்கள் அதைக் கண்ணுக்கு முன்பே அடையாளம் கண்டுகொண்டன. கையிலிருந்த புத்தகம் மடியில் சரிந்தது.

மச்சான் ஊன்றுகட்டையை எட்டி எடுத்து, எழுந்திருக்க அவன் தோளில் கையைப் போட்டார்.

“கிளிப்பு ரெண்டும் பக்கத்தக் கிழிக்குதுன்னு அத மட்டும் வெட்டிட்டேன், மத்தபடி, அன்னிக்கு ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி நான் கிடந்த இடத்துலேர்ந்தே உருவி எடுத்த உன் வயரு, அப்படியேதான் இருக்கு மாப்பிள.”